ஒரு மடக்குத் தண்ணீர்

‘குடிங்க, குடிங்க’ என்று இந்த வழிகாட்டிப் பெண் இன்னும் ஒரு தடவை சொன்னால் சண்முகவடிவு டீச்சர் கைக்கம்பை அப்படியே மணலில் குத்தி நிறுத்திவிட்டு, போதும் தாயே, உன் பள்ளத்தாக்கும் வேண்டாம் உன் தண்ணியும் வேண்டாம் என்று சொல்லித் திரும்பி நடந்துவிடுவாள். திரும்பி எங்கே நடக்க. இரண்டு பக்கமும் பனைமரத்துக்கு மேல் பனைமரம் வைத்த உயரத்துக்குச் செக்கச்செவேலென்று பாறை, நடுவில் ஒரு தெரு அகலத்துக்கு மணல், அந்தத் தெரு வளைந்து வளைந்து போகிறது, வண்டி நின்ற இடம் எந்தத் திசை என்றே இப்போது பிடிபடவில்லை. ஆகவே சிரித்தாள். பாட்டிலைத் தூக்கி, மூடியைத் திறந்து, வாயில் வைத்து, தொண்டையை மட்டும் ஏற்றி இறக்கினாள். உதடு நனைந்ததோடு சரி. ஹெதர் என்கிற அந்தப் பெண் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிவிட்டு முன்னால் போய்விட்டாள். இந்த வித்தையெல்லாம் டீச்சருக்குத் தண்ணி பட்ட பாடு. எத்தனை வருஷப் பழக்கம். இந்த அமெரிக்காவில், யூட்டாவில் நேற்று முளைத்தவளா அதைக் கண்டுபிடிக்கப் போகிறாள். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டு வருவது வாஸ்தவம்தான், ஒட்டட்டும், சாயங்காலம் விடுதிக்குப் போய்க் கதவைத் தாழ்போட்டுக்கொண்டு ஒரு குடம் குடித்தால் போச்சு, யார் கேட்கப் போகிறார்கள்.

காலையில் வண்டியை விட்டு இறங்கினதும் எல்லாரையும் வட்டமாக நிறுத்தி வைத்து அவள் ஒரு பேச்சுப் பேசினாளே, அதை நினைத்தால் இப்போதும் காது சுடுகிறது. பாம்பு இருக்கும், தேள் இருக்கும், பொந்துக்குள் கையை விடாதீர்கள் என்றாள், சரி. மேகம் கூடினால் மேட்டில் ஏறிவிடுங்கள், மழை எங்கோ பெய்தாலும் வெள்ளம் இங்கே வந்துவிடும் என்றாள், அதுவும் சரி, தாமிரபரணிக்காரிக்கு வெள்ளத்தைப் பற்றி யாரும் சொல்ல வேண்டாம். அப்புறம்தான் ஒரு வெள்ளிக் காகிதப் பையை வெளியே எடுத்தாள். வழியில் கழிப்பறை என்று ஒன்றும் கிடையாதாம். சின்னதுக்கு என்றால் பாதையை விட்டுத் தள்ளிப் போய் மறைவாக உட்கார்ந்துகொள்ளலாமாம், பெரியதுக்கு இந்தப் பையாம். ஜவுளிக்கடையில் ரவிக்கைத் துணியை விரித்துக் காட்டுகிற மாதிரி அதைப் பிரித்து, உள்ளே கையை விட்டு, எப்படிப் பிடிக்க வேண்டும், எப்படி முடிய வேண்டும் என்று காட்டினாள் பாருங்கள், சீச்சீ. மாப்பிள்ளை நிற்கிறார். சம்பந்தியம்மா நிற்கிறாள். மாப்பிள்ளை சிதம்பரம் என்னடாவென்றால் பாடம் கேட்கிற பையன் மாதிரி விவரமாக இரண்டு சந்தேகம் வேறு கேட்கிறார், பெரிய படிப்புப் படித்த பிள்ளை. டீச்சர் தலையைத் தூக்கவே இல்லை, தன் ஷூவையே பார்த்துக்கொண்டு நின்றாள், அந்த ஷூவைப் பார்த்தபடியேதான் முடிவும் பண்ணினாள். இன்றைக்கு அறைக்குத் திரும்புகிற வரைக்கும் ஒரு மடக்கு உள்ளே போகாது. குடித்தால்தானே வரும். இதற்குப் போய் வெள்ளிப் பை, தங்கப் பை என்று.

சேலையாவது கட்டியிருந்தால் ஒரு இது. சேலை என்றால் அதுவே நாலு பக்கமும் மறைப்பு, உட்கார்ந்து எழுந்தால் ஒருத்தருக்கும் ஒன்றும் தெரியாது. இந்த மகள் கோமு கேட்டாளா. ‘சேலையோட பாறை ஏறி விழுந்து வைக்காதம்மா’ என்று தன்னுடைய கறுப்புக் கால்சட்டையை மாட்டிவிட்டாள், இடுப்பில் நாடா, அதற்கு மேல் ஒரு சுடிதார்ச் சட்டை. அறுபது வயசுக்கு மேல் கால்சட்டை. பாளையங்கோட்டையில் இருக்கிற கோமுவின் அப்பா, விமானம் என்றாலே கண்ணை மூடிக்கொள்கிற ஆள், வரமாட்டேன் என்று சாதித்தது எவ்வளவு நல்லதாகப் போயிற்று, இந்தக் கோலத்தைப் பார்த்தால் மனுஷன் ஒரு மாசம் சிரிப்பார். போதாக்குறைக்கு இந்த ஷூ. பத்தடிக்கு ஒருதரம் கயிறு அவிழ்ந்துபோகிறது, குனிந்து கட்ட வேண்டியிருக்கிறது, சவத்துக் கயிறு. கோமு மட்டும் விவரமாக ஒட்டுப்பட்டை வைத்த செருப்புப் போட்டிருக்கிறாள், இழுத்து ஒட்டினால் முடிந்தது வேலை. அம்மாவுக்கு அப்படி ஒன்று வாங்கித் தரத் தோன்றவில்லை பார். சம்பந்தியம்மா பிரமநாயகியோ யார் சொல்லியும் கேட்காமல் ஷூவுக்கு மேல் சேலைதான் கட்டியிருக்கிறாள், சுங்குடிச் சேலை, கொசுவத்தைத் தூக்கிச் செருகிக்கொண்டு ராணி மாதிரி வருகிறாள். ‘எனக்கு இதெல்லாம் சரிவராது மதினி, உங்களுக்கு நல்லாத்தான் இருக்கு’ என்று காலையில் ஒரு பார்வை பார்த்தாள். நல்லாத்தான் இருக்காம். அந்த ‘தான்’ எதற்கு.

எப்படியும் போகட்டும், கோமு குடிக்கிறாள், அது போதும். டீச்சர் இரண்டு விமானம் மாறி இந்தத் தேசத்துக்கு வந்ததே அதற்குத்தானே. தை மாசத்தில் ஒருநாள் விடியற்காலம் இந்தப் பிள்ளை குளியலறைத் தரையில் சுருண்டு கிடந்து துடித்திருக்கிறது, மாப்பிள்ளை ஊரில் இல்லை, தானே ஆம்புலன்ஸைக் கூப்பிட்டுக்கொண்டு போயிருக்கிறது. சிறுநீரகக் கல். அம்மாவிடம் போனில் காய்ச்சல் என்று சொன்னது. எல்லாம் முடிந்து வீட்டுக்கு வந்து பத்து நாள் கழித்துத்தான் உண்மை வெளியே வந்தது, அதுவும் மாப்பிள்ளை வாய் தவறி உளறி. அந்தக் கல்லை டாக்டர் எடுத்து வைத்திருந்ததைக் கோமு படம் பிடித்து அனுப்பினாள், பெரியதாக ஒன்றும் இல்லை, அரிசியில் பொறுக்கிப் போடுகிற கல் அளவுதான். அந்தப் படத்தைப் பார்த்து டீச்சர் அன்றைக்குச் சாப்பிடவில்லை. தண்ணீர் குடித்தால் வராது, குடிக்காவிட்டால் மறுபடி வரும், அடுத்த தடவை சிறுநீரகத்துக்கே ஆபத்து என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாராம். வந்த நாளிலிருந்து டீச்சருக்கு இதே வேலை, காலையில் ஒரு சொம்பு, பத்து மணிக்கு ஒரு சொம்பு, வாழைத்தண்டு கிடைக்காத ஊரில் பார்லியை வேகவைத்து வடிகட்டி ஒரு சொம்பு. இங்கேயும் கண் அதில்தான். கோமுவின் முதுகுப் பையில் பக்கவாட்டில் நீல பாட்டில் தொங்குகிறது, உள்ளே இருக்கிறது வெளியே தெரிகிற பாட்டில், கிளம்பும்போது கழுத்து வரை இருந்தது, முதல் வளைவில் கொஞ்சம் இறங்கியிருந்தது, இப்போது பாதிக்கும் கீழே. நல்ல பிள்ளை. சொன்னால் கேட்கிற பிள்ளை. அந்த நீல பாட்டில் இறங்க இறங்க டீச்சருக்கு வயிறு குளிர்ந்தது, தன் நாக்கு ஒட்டியிருப்பதுகூட அவ்வளவாகத் தெரியவில்லை.

“மதினி, இந்தக் கல்லைப் பாத்தீங்களா?” பின்னாலிருந்து பிரமநாயகி. வந்துவிட்டாள். இதுதான் இன்றைக்கு டீச்சரின் உயிரை எடுக்கிறது. கொஞ்ச தூரம் ஒழுங்காக வருவாள், திடீரென்று பார்த்தால் ஆளைக் காணோம், எல்லாரும் வெயிலில் நின்று காத்துக்கிடக்க வேண்டும், அப்புறம் ஏதோ ஒரு பாறைக்குப் பின்னாலிருந்து சாவகாசமாக வருவாள், கையில் ஒரு கல். ஒருதரம் மஞ்சள் கல், ஒருதரம் கோடு போட்ட கல். “பாத்தேன் மதினி. நல்லா இருக்கு.” “பேரனுக்கு ஆகும்லா?” பேரன் இன்னும் பிறக்கவே இல்லை, அதைச் சொல்லிக்காட்டுகிறாளோ. சொல்லிக்காட்டுவாள். நாக்கு அப்படி. கல்யாணம் நிச்சயமான கையோடு இரண்டு வீட்டாரும் ஒரே வேனில் திருச்செந்தூர் போனபோது, வழியில் கோமு டீச்சரின் காதில் வந்து அவசரம் என்றாள். டிரைவரிடம் சொல்லி ஒரு பெட்ரோல் பங்க்கில் நிறுத்தியது தப்பா. பிள்ளை திரும்பி வந்து ஏறும்போது இந்தப் பிரமநாயகி சிரித்துக்கொண்டே சொன்னாள், ‘மருமக இப்படி ஊருக்கு ஊர் நிறுத்துனா முருகன் நடையச் சாத்திட்டுப் போயிருவான்’ என்று. வேன் மொத்தமும் சிரித்தது. டீச்சரும் சிரித்தாள், சிரிக்காமல் என்ன செய்ய, பெண்ணைப் பெற்றவள். கோமு ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள், காது மடல் சிவந்துபோயிருந்தது. அதற்கப்புறம் திருச்செந்தூர் போய்த் திரும்புகிற வரைக்கும் அது பச்சைத் தண்ணீர் தொடவில்லை, டீச்சர் கவனித்தாள், பரவாயில்லை விவரமான பிள்ளை என்றுகூட அன்றைக்கு நினைத்தாள். அந்தச் சிரிப்பு இப்போதும் காதில் கேட்கிறது. அப்படிப்பட்டவள் முன்னால் போய் மதினி எனக்கு அவசரம் என்று வாயைத் திறக்க முடியுமா, செத்தாலும் முடியாது.

வெயில் உச்சிக்கு வந்துவிட்டது. ஹெதர் பாறைச் சுவரைக் காட்டி ஏதோ விளக்குகிறாள், ஆறுதான் இதை அறுத்ததாம், லட்சக்கணக்கான வருஷமாம். அட, எனக்கேவா. டீச்சர் முப்பது வருஷத்துக்கு மேல் பூகோளம் நடத்தியவள், சிவப்புச் சாக்பீஸால் அடுக்கடுக்காகப் பாறை வரைந்து நடுவில் நீலத்தில் ஒரு கோடு இழுத்து, ஆறு அரித்த பள்ளத்தாக்கு என்று தலைப்புப் போட்டு, எத்தனை பிள்ளைகளுக்கு. வரைகிறபோது தொண்டை காய்ந்திருக்கும், சாக்பீஸ் தூள் வேறு. அந்த நடுநிலைப் பள்ளியில் டீச்சர்மாருக்கென்று ஒரே ஒரு கக்கூஸ், அதற்கு ஒரு பூட்டு, சாவி ஹெட்மாஸ்டர் மேசை டிராயரில். ஆறேழு ஆம்பிளை வாத்தியார்கள் உட்கார்ந்திருக்கிற அறைக்குள் போய், சார் அந்தச் சாவி என்று எந்தப் பொம்பிளை கேட்பாள். ஒருத்தியும் கேட்கவில்லை. சாவி துருப்பிடித்தது. காலையில் வீட்டில் போய்விட்டு வருவதோடு சரி, அப்புறம் சாயங்காலம் வீட்டில்தான். தண்ணீர் கொண்டுபோகாவிட்டால் ஏன் டீச்சர் உடம்புக்கு ஆகலையா என்று கேள்வி வரும், அதனால் பாட்டில் நிறையக் கொண்டுபோவது, மத்தியானம் வராந்தா ஓரத்து முருங்கைக்கு யாரும் பார்க்காதபோது பாதியைச் சாய்த்துவிடுவது. அந்த முருங்கை மாதிரி காய்த்த மரம் அந்த வட்டாரத்தில் கிடையாது. கோமுவும் எட்டாம் வகுப்பு வரை அங்கேதான் படித்தாள், மத்தியானம் டீச்சர் பக்கத்தில் உட்கார்ந்துதான் சாப்பிடுவாள், ரெண்டு வாய்க்கு மேல குடிக்காதட்டி, அப்புறம் எங்க போவ என்று சொல்லிச் சொல்லி வளர்த்தது. அது ஒன்றும் தப்பில்லை. அன்றைக்கு வேறு என்ன வழி. பாறை ஏதோ ஆடுகிற மாதிரி இருந்தது. பாறை எப்படி ஆடும், ஷூதான் சரியில்லை.

கையை யாரோ பிடித்தார்கள். ஹெதர். முகத்தை உற்றுப் பார்த்துவிட்டு, டீச்சரின் புறங்கையில் தோலைக் கிள்ளித் தூக்கி விட்டாள். தோல் அப்படியே மடிப்பாக நின்றது, கீழே போகவே மனசில்லாமல் மெல்லப் போயிற்று. என்னைக் கிள்ளிப் பார்க்க நீ யார் என்று கையை உதறலாமா என்று இருந்தது, உதறத் தெம்பில்லை. அவள் கடகடவென்று ஏதோ சொன்னாள், மாப்பிள்ளை பதறிக்கொண்டு வந்தார். “அத்தை, நீங்க தண்ணியே குடிக்கலையான்னு கேக்காங்க.” “குடிச்சேனே மாப்ள. இப்பக்கூட அவ பாக்கத்தானே குடிச்சேன்?” “தலை சுத்துதா?” “அதெல்லாம் ஒண்ணுமில்ல. வயசாயிட்டுல்லா.” ஹெதர் நம்பவில்லை என்பது அவள் புருவத்திலேயே தெரிந்தது. எல்லாரையும் ஒரு பாறை நிழலில் உட்கார வைத்து, சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரிக்கச் சொன்னாள். டீச்சரின் பாட்டிலை வாங்கி நிறைத்து, ஆரஞ்சு நிறத்தில் ஒரு பொடியைக் கொட்டிக் குலுக்கி, இது முழுக்க உள்ளே போக வேண்டும் என்று கையில் திணித்துவிட்டு, வரைபடத்தை விரித்து மாப்பிள்ளையிடம் எதையோ காட்ட ஆரம்பித்தாள். முழுக்கவாமே. இதைக் குடித்தால் அரைமணி நேரத்தில் இந்த நாடாக் கால்சட்டையோடு நான் எந்தப் பொந்தைத் தேட. டீச்சர் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தாள். கயிறு அவிழாமல்தான் இருந்தது, இருந்தாலும் கட்டுகிற மாதிரிக் குனிந்தாள், முழங்காலுக்கு அந்தப் பக்கமாகப் பாட்டிலைச் சாய்த்தாள். மணல் சத்தமே இல்லாமல் உறிஞ்சிக்கொண்டது. முருங்கையைவிடச் சுலபம். யாரும் பார்க்கவில்லை.

நிமிர்ந்து மூடியைத் திருகிக்கொண்டே கோமு எங்கே என்று பார்த்தாள். கோமு பாறையின் அந்த முனையில் தனியாக உட்கார்ந்திருந்தாள், முதுகு இந்தப் பக்கம். குனிந்து கால்பக்கம் கையை வைத்து என்னவோ கட்டிக்கொண்டிருந்தாள். பாவம், அதுக்கும் அவிழ்ந்துபோயிற்றுபோல என்று டீச்சர் நினைத்தாள். நினைத்துவிட்டு, இல்லையே, என்றாள் மனசுக்குள். கோமுவின் செருப்புக்குக் கயிறே கிடையாதே. ஒட்டுப்பட்டைச் செருப்பு ஆயிற்றே. அப்போது எதைக் கட்டுகிறாள். கோமு நிமிர்ந்தாள், நீல பாட்டிலைப் பையில் செருகினாள், அது அடி வரைக்கும் காலி. அவள் காலடியில் மணல் ஒரு தட்டு அளவுக்குக் கறுப்பாக நனைந்திருந்தது, டீச்சர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஓரம் காய்ந்து சின்னதாகிக்கொண்டு வந்தது. காலையிலிருந்து இறங்கிக்கொண்டே வந்த அந்தத் தண்ணீர் அத்தனையும். முதல் வளைவில். அப்புறம் அந்தச் சப்பாத்திக் கள்ளி ஓரத்தில். அங்கேயும் குனிந்தாளே, அங்கேயும்தான் குனிந்தாள், படுபாவி. விடியற்காலம், குளியலறைத் தரை, அரிசிக்கல், அடுத்த தடவை சிறுநீரகத்துக்கே, இரண்டு விமானம், பார்லி, சொம்பு சொம்பாக எல்லாம் இந்த மணலில்.

“ஏட்டி!”

வகுப்பறைக் குரல். அந்தச் சிவப்புச் சுவர் அதை வாங்கி எதிர்ச் சுவருக்குக் கொடுத்தது, அது திருப்பிக் கொடுத்தது, பள்ளத்தாக்கு முழுக்க ஏட்டி ஏட்டி என்றது. ஹெதர் வரைபடத்தைக் கீழே போட்டுவிட்டாள். டீச்சர் எழுந்து எப்படி அந்த முனைக்குப் போனாள் என்று அவளுக்கே தெரியாது.

“என்னம்மா, ஏன் கத்துத?”

“அந்தத் தண்ணிய என்ன செஞ்ச?”

“குடிச்சேன்.”

“பொய் சொன்னா பல்லைப் பேத்துருவேன். என்ன செஞ்ச?”

“மெதுவாப் பேசும்மா. அத்தை பாக்காங்க.” கோமுவின் குரல் இறங்கிவிட்டது. “எங்கம்மா போக? அத்தை முன்னால, அந்தப் பொம்பள முன்னால? ஒரு நாள்தானே. ரூமுக்குப் போய்க் குடிச்சுக்கிடுவேன்.”

“ஒரு நாளா? கூறு இருக்காட்டி உனக்கு? தரையில கெடந்து துடிச்சது பத்தாதா? படிச்சிருக்க, வேல பாக்க, ஒண்ணுக்குப் போக வெக்கப்பட்டு உசிர விடுவியா? இந்தப் புத்திய எவகிட்டட்டி படிச்ச நீ?”

கோமு அம்மா வந்த வழியைப் பார்த்தாள். டீச்சரும் திரும்பிப் பார்த்தாள். தான் உட்கார்ந்திருந்த இடத்தில், மணலில், ஆரஞ்சு நிறத்தில் ஒரு தட்டு அளவுக்கு ஈரம். பொடி கலந்ததால் அது இன்னும் காயவில்லை.

அதற்குமேல் கத்த டீச்சரிடம் ஒன்றும் இருக்கவில்லை. கோபம் மட்டும் அப்படியே இருந்தது, யார்மேல் என்றுதான் தெரியவில்லை, அந்தச் சாவிமேலா, டிராயர்மேலா, முருங்கைமேலா, இந்தக் கால்சட்டைமேலா. எல்லாம் நாசமாய்ப் போகட்டும். நேராக ஹெதரிடம் போய்க் காலிப் பாட்டிலை நீட்டி “வாட்டர்” என்றாள். ஹெதர் நிறைத்துக் கொடுத்தாள். அந்த இடத்திலேயே நின்று, மாப்பிள்ளை பார்க்க, சம்பந்தியம்மா பார்க்க, அண்ணாந்து பாதிப் பாட்டிலைக் குடித்தாள். தண்ணீர் மார்பு வழியாக இறங்குவது தெரிந்தது, வலித்தது, பட்டப்பகலில் வெளியிடத்தில் வயிறு நிறையத் தண்ணீர் குடித்தது கடைசியாக எப்போது என்று நினைவே வரவில்லை. மீதியைக் கொண்டுவந்து மகளின் கையில் வைத்தாள். “குடி. நான் பாக்கக் குடி. தொண்டைய அசைச்சு ஏமாத்தாத, அது எனக்குத் தெரியும்.” கோமு குடித்தாள். மடக்கு மடக்காக அவள் தொண்டையில் இறங்குவதைப் பார்த்துக்கொண்டே நின்றாள் டீச்சர். பாட்டில் காலியானதும் திரும்பி, பள்ளத்தாக்குக்கே கேட்கிற மாதிரி சொன்னாள், “மதினி! எனக்கும் கோமுவுக்கும் ஒண்ணுக்குப் போகணும். உங்க சேலை வேணும், வந்து மறைச்சு நில்லுங்க.”

மாப்பிள்ளை சட்டென்று திரும்பி வானத்தைப் பார்க்க ஆரம்பித்தார். பிரமநாயகி வாயில் இருந்ததை விழுங்கிவிட்டு எழுந்தாள்.

“இதுக்கா இவ்வளவு சத்தம்? முதல்லயே சொல்லக் கூடாதா? நான் காலையிலருந்து மூணு தடவை போயிட்டேனே மதினி.”

“போனீங்களா? எப்ப?”

“கல்லு பொறுக்கப் போனேன்லா?” என்று சொல்லிவிட்டு, சும்மாத் திரும்பி வந்தா நல்லாவா இருக்கும், அதான் கையில ஒண்ணை எடுத்துக்கிடுவேன் என்று சிரித்தாள். அதே சிரிப்புத்தான், வேனில் கேட்ட அதே சிரிப்பு. “வாங்க, அந்தப் பாறைக்குப் பின்னால நல்ல எடம். மருமகளே, நீ ஏன் முழிக்க? வா.”

பாறைக்குப் பின்னால் நிழல் குளுகுளுவென்றிருந்தது. பிரமநாயகி முந்தானையை உருவி இரண்டு கையிலும் அகல விரித்துப் பிடித்துக்கொண்டு அந்தப் பக்கம் முகத்தைத் திருப்பி நின்றாள். அம்மாவும் மகளும் அடுத்தடுத்து உட்கார்ந்தார்கள். கோமுவுக்கு உடனே வந்துவிட்டது, காலையிலிருந்து அடக்கின பிள்ளை, சத்தம் பாறையில் பட்டு நன்றாகக் கேட்டது. டீச்சர் அந்தச் சத்தத்தைக் கடைசிவரை கேட்டாள், ஒரு சொட்டு விடாமல் கேட்டாள், கண்ணில் தண்ணீர் வந்தது. தனக்குத்தான் வரவில்லை. அடக்கி அடக்கிப் பழகின உடம்பு, யாரோ பக்கத்தில் நிற்கிறார்கள் என்று தெரிந்ததும் பூட்டிக்கொண்டது. கோமு எழுந்து நாடாவை முடிந்துகொண்டு, அம்மாவின் தோளில் கையை வைத்தபடி பக்கத்திலேயே நின்றாள்.

“என்ன மதினி, முடிஞ்சுதா? கை வலிக்கி.”

“முடியல,” என்றாள் டீச்சர். “வார வரைக்கும் நில்லுங்க.”